வெள்ளை ட்யூபை மூடிவைக்கச் சொன்ன வகுப்பு

கொந்தளிக்கும் கடலை எண்ணெய் வண்ணத்தில் தீட்டக் கற்றுத்தரும் காணொளி வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். முதல் கால்மணி நேரத்துக்குள் ஆசிரியர் விசிறி பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்துக் கித்தானில் தட்டத் தொடங்கிவிடுவார். நுரை பறக்கும், நமக்கும் கை பரபரக்கும். முடிவில் பார்த்தால் கடல் இருக்காது, கருநீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள்தான் இருக்கும். நான் அண்மையில் முடித்த வகுப்பு இதற்கு நேர்மாறு. ஒன்பது பாடங்களில் ஆறு பாடம் வரை நுரையே கிடையாது. வானத்துக் கலவைக்குத் தேவையான வெள்ளையைப் பிதுக்கியதும், ட்யூபை மூடி இழுப்பறையில் போடச் சொல்கிறார் ஆசிரியர். இந்த ஒரு கட்டளைக்காகவே கொடுத்த காசு தகும் என்பது என் கட்சி. ஆனால் அதே வகுப்பில் எனக்குக் கோபம் வரவைத்த விஷயங்களும் இருக்கின்றன. அவற்றில் சில, வரைந்த படத்தின் ஆயுளையே குறைக்கக்கூடியவை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

வகுப்பின் பெயரை இங்கே போடவில்லை. இதே அச்சில் பல இருக்கின்றன. எந்த ஒன்றை எடுத்தாலும் அதில் எதைத் தேட வேண்டும், எதைக் கண்டால் உஷாராக வேண்டும் என்பதுதான் படிக்கிறவருக்குப் பயன்படும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் புகார்கள் புரியும். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஓவியம் மாலை நேரத்துக் காரியம். ஒளிவிலகல், பிரதிபலிப்பு, அலைநீளம் என்று கரும்பலகையில் எழுதிப் பழகிவிட்டதால், படத்தில் தண்ணீர் தண்ணீராக நடந்துகொள்ளாவிட்டால் கண்ணை உறுத்தும். இந்த ஆசிரியர் அறிவியல் எதுவும் பேசுவதில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்துப் பார்த்தே பல இடங்களில் சரியான விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எங்கே சேரவில்லையோ அங்கே நன்றாகவே தடுமாறுகிறார்.

முதல் இரண்டு பாடங்களை ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசித் தேய்ப்பது, எந்த பிரஷ் எதற்கு என்ற வழக்கமான சமாசாரங்கள். இவற்றில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வெள்ளைக் கித்தானில் நேரடியாகத் தொடங்காமல், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை மெல்லியதாகக் கரைத்து முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடச் சொல்கிறார். வெள்ளைப் பரப்பில் எந்த நிறத்தை வைத்தாலும் அது இருப்பதைவிட இருட்டாகத் தெரியும். பயந்துபோய் எல்லாவற்றையும் வெளுப்பாக வைத்துவிடுவோம். நடுத்தர டோனில், அதாவது ரொம்ப இருட்டும் ரொம்ப வெளுப்பும் இல்லாத அளவில், ஒரு தளம் இருந்தால் இருட்டும் வெளிச்சமும் உள்ளபடி தெரியும். அதோடு, குளிர்ந்த சாம்பல் நிறங்களுக்கு இடையே அங்கங்கே அந்தச் செம்பழுப்பு எட்டிப்பார்க்கும்போது கடலுக்கு ஒரு சூடு கிடைக்கிறது.

மூன்றாவது பாடத்தில்தான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் வானம். கடல் வரைய வந்தவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள்: மேகத்தில் கிழிசல் எங்கே இருக்கிறது? புயல் வானத்தில் வெளிச்சம் எங்கும் பரவி வருவதில்லை. ஏதோ ஒரு இடத்தில் மேகம் விலகி, அங்கிருந்து ஒரு கற்றை இறங்கும். அந்த இடத்தை முடிவு செய்துவிட்டால் கடலில் எந்த அலைக்கு ஒளி கிடைக்கும், எது இருட்டில் கிடக்கும் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். உதாரணத்துக்கு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1633-இல் வரைந்த கலிலேயக் கடல் புயலைக் காட்டுகிறார். படகு மூலைவிட்டமாக ஏறி நிற்கிறது. இடப்பக்கம் மேகம் பிளந்து, அலை மோதும் முன்பக்கம் மட்டும் பளீரென்று இருக்கிறது. வலப்பக்கம் முழுக்க இருட்டு. ரெம்ப்ராண்ட் வரைந்த கடற்காட்சி என்று அந்த ஒன்றுதான் உண்டு. 1990 மார்ச்சில் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து அதைத் திருடிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். வெற்றுச் சட்டம் மட்டும் அங்கே தொங்குகிறது. நமக்குப் பார்க்கக் கிடைப்பது புகைப்பட நகல்தான், ஆனால் ஒளி எங்கே விழுகிறது என்று படிக்க அது போதும்.

மேகத்துச் சாம்பலுக்கு அவர் கறுப்பு ட்யூபைத் தொடுவதில்லை. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் மட்டும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் மழை தேங்கிய மேகத்தின் பழுப்புச் சாம்பல். ஒரே பாலெட்டில் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே நாலைந்து படிகளைக் கலந்து வரிசையாக வைத்துக்கொண்டுதான் பிரஷ்ஷை எடுக்கிறார். நான் வாட்டர்கலரில் பேய்ன்ஸ் கிரே என்ற ஆயத்தக் கருஞ்சாம்பலையே நம்பிக் காலம் தள்ளியவள். இந்தக் கலவையைப் பார்த்தபின் அந்த ட்யூபின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

தொடுவானத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒன்றும் நல்ல விஷயம். புயலில் தொடுவானம் ஸ்கேல் வைத்து இழுத்த கோடாக இருக்காது. மழைத்திரையும் சாரலும் சேர்ந்து அதைப் பாதி விழுங்கியிருக்கும். அவர் கோட்டைப் போட்டுவிட்டு, ஈரம் காயுமுன் காய்ந்த பிரஷ்ஷால் மூன்றில் இரண்டு பங்கை மேகத்தோடு சேர்த்துத் தேய்த்துவிடுகிறார். மிச்சம் தெரியும் துண்டு மட்டம் தவறாமல் இருக்க வேண்டும். அதில் மட்டும் சலுகை கிடையாது.

நான்காவது பாடம் இந்த வகுப்பின் உயிர். நுரை இல்லாத கடல். சாம்பலும் கரும்பச்சையும் கலந்த பெரிய பெரிய சாய்வுகள் மட்டும். தண்ணீருக்கு என்ன நிறம் என்று கேட்காதீர்கள், அந்தத் துண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள் என்கிறார். இதைக் கேட்டதும் நான் காணொளியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். நான் பிள்ளைகளுக்கு நடத்துவதும் இதையேதான். தண்ணீரை நேர்க்குத்தாகப் பார்த்தால், விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் பிரதிபலிக்கும். மற்றது உள்ளே போய்விடும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போய், கிட்டத்தட்ட படுத்த கோணத்தில் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். அதனால் கரையில் நிற்பவருக்கு, தூரத்துக் கடலும் இரண்டு அலைக்கு நடுவே படுத்துக் கிடக்கும் தண்ணீரும் வானத்தின் நிறத்தை வாங்கித் திருப்பித் தரும். நம்மை நோக்கி எழும் அலையின் முகம் அப்படியில்லை. அங்கே நாம் தண்ணீருக்கு உள்ளேயே பார்க்கிறோம். அதனால்தான் அது இருட்டாகவும் ஆழமாகவும், தன் சொந்தப் பச்சையோடும் தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டு அவர் மூன்றே டோன்களில் ஒரு கடலைக் கட்டுகிறார். படுத்த பரப்புக்கு வானத்துச் சாம்பல், எழுந்த முகத்துக்குக் கரும்பச்சை, அலையின் முதுகுக்கு இரண்டுக்கும் நடுவே ஒன்று. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தண்ணீர் உருண்டு வருவது தெரிகிறது. ஒரு துளி நுரை இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது. மற்ற எட்டுப் பாடங்களும் இல்லாமல் இதை மட்டும் தனியாக விற்றாலும் வாங்கலாம்.

கரும்பச்சைக்கு தேலோ பச்சை என்ற செயற்கை நிறமியையும் பர்ன்ட் சியன்னாவையும் சொல்கிறார். கலவை பிரமாதம்தான். ஆனால் 1930-களில் சந்தைக்கு வந்த இந்த தேலோ நிறமிகளுக்கு இருக்கும் சாயவலுவை, அதாவது கலந்த நிறத்தையெல்லாம் அமுக்கிவிடும் வலுவை, பற்றி ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம். பாலெட்டில் ஓர் ஓரமாக இருந்தாலே பிரஷ், துணி, விரல், வானம் என்று எல்லாவற்றிலும் ஏறிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விரிடியன் என்ற இன்னொரு பச்சையைச் சொல்வேன். வலு குறைவு, அதனால் அளவு தப்பினாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது பாடம், உடையும் அலை. அலையின் உச்சிக்குக் கீழே தண்ணீர் மெலிந்து பச்சையாக ஒளிரும் இடத்தை அவர் ஜன்னல் என்கிறார். பின்னாலிருந்து வரும் ஒளி மெல்லிய தண்ணீரைத் துளைத்து வருகிறது. தண்ணீர் சிவப்பை முதலில் தின்றுவிடும், நமக்குப் பச்சையும் நீலமும் மிஞ்சுகின்றன. விரிடியன், கொஞ்சம் ரா சியன்னா என்ற மஞ்சள்பழுப்பு, துளி வெள்ளை, அவ்வளவுதான் கலவை. அடியில் இருட்டாகத் தொடங்கி மேலே போகப்போக வெளுத்துக்கொண்டே போய், உச்சியில் நுரை விளிம்பு தொடுவதற்குச் சற்று முன்பு மிகவும் ஒளிர வேண்டும். அவர் கையில் இது அழகாக வருகிறது.

இங்கே ஒரு சண்டையும் இருக்கிறது. மூன்றாவது பாடத்தில் கிழிசலை எங்கே வைப்பது என்று ஒரு மணி நேரம் பேசியவர், ஐந்தாவதில் வரும் மூன்று அலைகளுக்கும் ஜன்னல் வைக்கிறார். கிழிசல் இருப்பதோ இடது ஓரத்தில். வலது பக்கத்து அலைக்குப் பின்னால் கருமேகம்தான் இருக்கிறது. அதைத் துளைத்து வர எந்த ஒளியும் கிடையாது. முழுக்க மூடிய வானத்தின் கீழே மரகதமாக மின்னும் அலை, படத்தை விற்பதற்கு உதவலாம். ஆனால் அவரே போட்ட விதியை அவரே உடைக்கிறார். என் படத்தில் ஒரே அலைக்கு மட்டும் ஜன்னல் வைத்தேன், மற்ற இரண்டையும் மந்தமான சாம்பல்பச்சையிலேயே விட்டேன். அந்த ஒரு அலை இப்போது படத்தை இழுத்துப் பிடிக்கிறது.

இதே பாடத்தில் காற்றின் திசையும் குழம்பிக் கிடக்கிறது. மேகங்களின் மழைக்கோடுகள் இடமிருந்து வலமாகச் சாய்ந்திருக்கின்றன. அலையுச்சியிலிருந்து பறக்கும் சாரலோ வலமிருந்து இடமாகப் போகிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவுகோலை ஒரு முறை புரட்டியிருந்தால் அவருக்கு நிறைய உதவியிருக்கும். இன்றைக்குப் புழங்கும் அதன் விளக்கத்தில் ஒவ்வொரு விசைக்கும் கடல் எப்படித் தோன்றும் என்று இருக்கிறது. நான்காம் விசையில் வெண்முகடுகள் அடிக்கடி தென்படும். எட்டில் நுரை காற்றின் திசையிலேயே தெளிவான கீற்றுகளாக நீளும். பத்தாம் விசையில் கடற்பரப்பே மொத்தத்தில் வெளுத்துத் தெரியும். கடல் வரைகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான குறிப்பு கிடைக்காது. எந்த விசையை வரைகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், நுரை எவ்வளவு, எந்தப் பக்கம் என்ற கேள்விகள் அடங்கிவிடும்.

ஆறாவது பாடம் கறுப்பு வெள்ளையில் ஒத்திகை. படத்தைப் போனில் படமெடுத்து நிறத்தை நீக்கிப் பார்க்கச் சொல்கிறார். தெரிந்த உத்திதான், மேலே போகலாம்.

ஏழாவதில் இழுப்பறை திறக்கிறது. நுரை. இதில் இவர் காட்டுவது, நுரை வெள்ளை இல்லை என்பதை. வெயில் படாத நுரை நீலச்சாம்பல், சில இடங்களில் ஊதா கலந்த சாம்பல். அது வானத்தின் கிழிசலைவிட இருட்டாகவே இருக்க வேண்டும். முதலில் எல்லா நுரையையும் நிழல் நிறத்தில் வைத்து முடித்துவிடுகிறார். அதன் மேல், ஒளி நேராக விழும் திட்டுகளில் மட்டும் இளமஞ்சள் துளி சேர்த்த வெள்ளை. கலப்பில்லாத வெள்ளை படம் முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலம்கூட இல்லை. அது விழும்போது அத்தனை நேரம் காத்திருந்ததற்கு அர்த்தம் புரிகிறது. மற்ற எல்லாம் அடங்கி இருப்பதால்தான் அந்த ஒரு தட்டல் வெடிக்கிறது.

அலைமுகத்தில் ஓடும் நுரைக் கோலத்தை அலையின் வளைவின் மேல் விரித்துப் போட்ட வலையாகப் பாருங்கள் என்று நானே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன். அவர் கை செய்வது அதைத்தான், வாய் சொல்வதில்லை. வலையின் கண்கள் நமக்கு அருகே பெரிதாக, தூரம் போகப்போகச் சப்பையாகி நெருங்கிவிடும். முகம் நிமிரும் இடத்தில் மேல்நோக்கி நீளும். இந்தக் கண்களை ஒரே அளவில் போட்டுவிட்டால் அலை தட்டையாகிவிடும். அவர் நுரையை வரைவதைவிட, ஓட்டைகளை, அதாவது நுரைக்கு நடுவே தெரியும் கருந்தண்ணீரை, வரைகிறார். கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் நார்த்ஈஸ்டர் ஓவியத்தை இந்தப் பாடத்தில் எடுத்துக்கொண்டது பொருத்தம். 1895-இல் அவர் அதைக் காட்சிக்கு வைத்தபோது பாறைமேல் மழையங்கி போட்ட இரண்டு ஆட்கள் குந்தியிருந்தார்கள். 1901-க்குள் அவர்களை அழித்துவிட்டுச் சாரல் தூணைப் பெரிதாக்கிவிட்டார். இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் ஆளில்லை, படகில்லை. பாறை, அலை, வானம் மட்டும்தான். இருந்தும் முன்பைவிடப் பெரியதாக நிற்கிறது. இன்னொன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-களில்தான். ஆங்கில ஓவியர் டர்னருக்கோ ஹோமருக்கோ அது இல்லை. அவர்கள் புழங்கிய ஈய வெள்ளை இதைவிட மென்மையானது, கொஞ்சம் ஒளி ஊடுருவக்கூடியது, அடியிலிருக்கும் நிறத்தோடு ஒத்துப்போவது. டைட்டானியம் அப்படியில்லை. கலந்த இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி குளிர்ந்து போகும். ஆகவே பழைய படங்களைப் பார்த்து நுரையைப் பிரதி எடுக்கிறவர்கள் வெள்ளையின் அளவைக் குறைத்தே தொடங்க வேண்டும். ஈய வெள்ளைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை, அதன் நஞ்சு வேறு கதை.

டர்னர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1842-இல் காட்சிக்கு வந்த அவருடைய நீராவிப் படகுப் பனிப்புயலைப் பற்றிப் பேசும்போது, அவர் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் புயலைப் பார்த்தார் என்ற கதையை ஆசிரியர் அப்படியே சத்தியம்போல் சொல்கிறார். கலை வரலாற்றாளர்கள் பலருக்கு அதில் சந்தேகம் உண்டு. கதை உண்மையோ இல்லையோ, படத்தைக் கவனித்தால் போதும்: வெள்ளை ஒரு சுழலின் நடுவே மட்டும் குவிந்திருக்கிறது, சுற்றி எல்லாம் புகையும் பழுப்பும். அன்றைக்கு ஒரு விமர்சகர் அதை சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று கேலி செய்ததாகப் பதிவாகியிருக்கிறது.

வண்ணத்தை அப்பும் பாலெட் கத்தியைப் பற்றி ஆசிரியர் போதுமான நேரம் செலவழிக்கவில்லை என்பது எனக்கு ஏமாற்றம். பிரெஞ்சு ஓவியர் குர்பே 1869-இல் பிரான்சின் எத்ரதா கடற்கரையில் வரைந்த அலைகளில் கத்தியால் அப்பிய வண்ணம் தண்ணீரின் எடையையே கொடுக்கிறது. இங்கே கத்தி இரண்டு நிமிடம் வந்து போகிறது. விசிறி பிரஷ்ஷும் அளவோடுதான் வருகிறது, அதற்கு நன்றி.

எட்டாவது பாடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலையில் தத்தளிக்கும் பாய்க்கப்பல். கப்பல் சரியாகத்தான் இருக்கிறது, கடல்தான் தப்பு. உருண்டு சுருண்டு குழாயாக விழும் அலை ஆழம் குறைந்த இடத்தில் வருவது. அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காக ஆழம் குறையும்போது அடிப்பகுதி தடுமாறி மேல்பகுதி முன்னே கவிழும். கரைச்சரிவு செங்குத்தாக இருந்தால் சுருளும், மெதுவாகச் சரிந்தால் நுரைத்து வழியும். நடுக்கடலில் அலை உடைவதற்குக் காரணம் வேறு: அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் உயரம் போனால் முகடு தாங்காமல் பெரும்பாலும் நுரையாய் வழிந்து சரியும். இவர் நடுக்கடல் கப்பலைச் சுற்றிக் கரையோரச் சுருளலைகளை வரிசையாக நிறுத்திவிட்டார். கடலைப் பார்த்துப் பழகியவர் கண்ணுக்குக் கப்பல் தரைதட்டப் போகிறது என்று தோன்றும்.

அதே பாடத்தில் புகைப்படத்தை வைத்து அலைகளை அப்படியே பெயர்க்கிறார் என்பதும் விசித்திரம். முதல் பாடத்தில் ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியைப் புகழ்ந்தவர் அவர்தான். 1850-இல் ஒன்பதாம் அலை என்ற படத்தை, அகலம் மட்டும் மூன்று மீட்டருக்கு மேல், வரைந்த அந்த மனிதர் கடலை நினைவிலிருந்தே, அறைக்குள் நின்று தீட்டினார். உயிரோடு அசைவதை எதிரே வைத்துப் பிடிக்க முடியாது என்பது அவர் கருத்து. கேமரா ஆயிரத்தில் ஒரு நொடியில் உறையவைத்த துளிகளை நம் கண் எப்போதும் பார்த்ததே இல்லை. அவற்றை எண்ணி எண்ணி வரைந்தால் கடல் கண்ணாடிச் சில்லாகிவிடும்.

இனி என் பெரிய புகார். ஒன்பதாவது பாடமும், வண்ணத்தோடு கலக்கும் எண்ணெய் முதலான திரவங்களை, அதாவது மீடியங்களை, பற்றி அங்கங்கே ஆசிரியர் உதிர்க்கும் ஆலோசனைகளும்.

எண்ணெய் வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்றதல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. இதற்கு நாட்கள் பிடிக்கும், தடித்த பூச்சில் மாதங்கள். அதனால்தான் அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இவர் முதல் அடுக்கிலேயே ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கலக்கிறார், வண்ணம் வழுக்கிக்கொண்டு போவது கேமராவில் அழகாகத் தெரியும் என்பதற்காகவோ என்னவோ. அதன் மேல், சீக்கிரம் காய வேண்டும் என்று அல்கிட் என்ற செயற்கைப் பிசின் மீடியம் கலந்த நுரை. அல்கிட் ஒரு நாளில் தொடக் காய்ந்துவிடும். அடியிலிருப்பது இன்னும் அசைந்துகொண்டே இருக்கும்போது மேலே இறுகிய தோல் என்ன செய்யும்? வெடிக்கும். அல்கிட் வேண்டுமானால் அடியிலிருந்து மேல்வரை எல்லா அடுக்கிலும் போடுங்கள், அல்லது அடியில் மட்டும் போடுங்கள்.

நுரைக்கு டைட்டானியமும் துத்தநாகமும் கலந்த வெள்ளையைத் தடியாக அப்பச் சொல்வதும் எனக்கு உவப்பில்லை. துத்தநாக வெள்ளை எண்ணெயில் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைகிறது, அடுக்கு உரிந்து வரவும் காரணமாகிறது என்பது ஓவியப் பாதுகாப்பாளர்கள் நன்கு அறிந்த விஷயம். இழுபட்டுத் தளரும் கித்தானில் இது இன்னும் மோசம். ட்யூபின் பின்பக்கத்தில் பிடபிள்யூ 4 என்ற குறியீடு இருந்தால் அது துத்தநாகம். பிடபிள்யூ 6 டைட்டானியம். முன்பக்கத்துப் பெயரை நம்பாமல் இந்தக் குறியீட்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

வார்னிஷ் ஒரு மாதத்தில் பூசலாம் என்கிறார். டாமர் என்ற மரப்பிசினில் செய்யும் மரபான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும், அதுவும் இவர் அப்புகிற தடிமனுக்கு. கருநிறங்கள் எண்ணெய் உறிஞ்சப்பட்டு மங்கிப்போயிருப்பதைப் பார்த்து அவசரப்படுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: அந்த இடத்தில் மிக மெல்லிதாக எண்ணெய் தடவி, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் ஆழம் திரும்பிவிடும். அதை அவர் சொல்லவே இல்லை.

எண்ணெய் ஊறிய துணிகளைப் பற்றி ஒன்பது பாடங்களிலும் ஒரு வார்த்தை இல்லை என்பதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியாகும். சுருட்டிக் குவித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போட வேண்டும். அல்லது ஒவ்வொன்றாக விரித்து வெளியில் காயவைக்க வேண்டும். கற்றுக்கொடுக்கிறவர் முதல் பாடத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

கட்டணத்தோடு ஒரு முறை நம் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கும் வசதியும் உண்டு. நான் படத்தோடு, காற்றின் திசை முரணையும் வலப்பக்கத்து ஜன்னலையும் குறித்து இரண்டு கேள்விகள் அனுப்பினேன். அருமையான முயற்சி, தொடர்ந்து வரையுங்கள் என்று வந்தது. கேள்விகளைப் படித்ததற்கான அடையாளமே இல்லை. கருத்துச் சேவையை நம்பி இந்த வகுப்பை எடுக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

ஒளிப்பதிவைக் குறை சொல்ல முடியாது. பாலெட்டுக்குத் தனிக் கேமரா வைத்திருக்கிறார்கள். எந்த நிறத்தில் எவ்வளவு எடுத்தார் என்பது தெளிவாகத் தெரிகிறது. பேச்சும் நிதானம். வண்ணம் காய்வதற்காக இடைவெளி விடும் இடங்களை வெட்டி ஒட்டியிருப்பதால் எல்லாம் ஒரே மூச்சில் நடப்பதுபோல் ஒரு மயக்கம் வரும். மூன்றாவது பாடத்து வானம் தொடக் காய்ந்தபின்தான் ஏழாவதன் சாரலை அதன் மேல் தெளிக்க முடியும் என்பதை நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரஷ் பிடிக்கவே பழகாதவருக்கு இது கடினம். ஏதாவது இரண்டு மூன்று எளிய பொருள்களை எண்ணெயில் வரைந்து பார்த்தபின் வரலாம். வாட்டர்கலரிலிருந்தோ அக்ரிலிக்கிலிருந்தோ வருகிறவர்களுக்கு நான்காவது, ஏழாவது பாடங்கள் நிறையவே கொடுக்கும். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்ற வரிசையில் பாருங்கள், எட்டைத் திறக்க வேண்டாம். ஒன்பதாவதுக்குப் பதிலாக உங்கள் மீடியம் புட்டியிலும் வார்னிஷ் டப்பாவிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.